வெருகலுக்குக் கார் விற்கப் போன கதை

"அக்கா, காலமை எழும்பின உடன எஞ்சினைச் சூடாக்கிப் போட்டுத்தான் காரை எடுக்க வேணுமோ? இல்லாட்டி அப்பிடியே எடுத்துக்கொண்டு போகலாமோ?"

திருகோணமலை பஸ் நிலையத்தில் நான் இறங்கி, என் பெட்டி இன்னும் பஸ்ஸுக்குள்ளேயே இருக்கும்போது என்னிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி இதுதான். கேட்டவர் ஓர் ஆட்டோக்காரர். கடல் தாண்டி வந்து கால் வைத்த இடத்தில், என்னை அறியாத ஒருவருக்கு என் தொழில் எப்படித் தெரிந்தது என்று திகைத்து நின்றேன். அவருக்குப் பின்னால் துஷ்யந்தி வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தாள். நான் வருவதை அவள் பஸ் நிலையம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள்.

"அரை நிமிஷம் போதுங்க அண்ணா. அப்புறம் மெதுவா ஓட்டிட்டே போனா அதுவே சூடாகிக்கும்" என்றேன்.

"ஐயோ, என்ட மச்சான் பத்து நிமிசம் வீட்டு முற்றத்தில உறும விட்டுக்கொண்டு நிக்கிறவர். நாங்கள் எல்லாரும் புகையிலதான் தேத்தண்ணி குடிக்கிறம்" என்று சொல்லிவிட்டு, அந்தக் கணமே மச்சானுக்குப் போன் போட்டார். ஊர் எனக்குப் பிடித்துப்போயிற்று.

துஷ்யந்தியும் நானும் கோவையில் ஒரே விடுதி அறையில் இருந்து படித்தவர்கள். படிப்பு முடிந்ததும் அவள் கணக்கு டீச்சராக இங்கே திரும்பிவிட்டாள். நான் ஒரு வார இதழில், கார் வைத்திருப்பவர்களின் சந்தேகங்களுக்குப் பதில் எழுதும் வேலையில் மாட்டிக்கொண்டேன். போன மாதம் அவள் அழைத்தாள். "நானும் ஒரு கார் வாங்கிட்டன். பழைய ஜப்பான் கார்தான். லைசன்சும் எடுத்தாச்சு. ஆனா ஆயிரம் சந்தேகம். உன்ட புத்தகத்துக்கு எழுதிப் போட்டா மூண்டு மாதம் கழிச்சுத்தான் பதில் வரும். நேரா வா" என்றாள். இப்படி ஓர் அழைப்பு வந்தால் எந்தக் கேள்வி பதில்காரிதான் வீட்டில் உட்கார்ந்திருப்பாள்?

கார் வாசலில் வெள்ளை வெளேரென்று நின்றது. பெட்ரோலிலும் பேட்டரியிலும் மாறி மாறி ஓடுகிற ஹைப்ரிட் வகை. நான் ஆசையோடு கதவைத் திறந்து ஒரு காலை உள்ளே வைத்தேன். "செருப்பு! செருப்பு!" என்று ஒரு குரல் வந்தது. துஷ்யந்தியின் மாமியார். அந்த வீட்டில் காருக்குள் ஏறும் முன் செருப்பையோ சப்பாத்தையோ, அதாவது ஷூவையோ, கழற்றி, ஒரு பையில் போட்டு, டிக்கியில் வைக்க வேண்டும். சீட்டுகளின் மேல் வாங்கும்போது இருந்த பாலிதீன் அப்படியே இருந்தது. பின் சீட்டில் அதற்கும் மேலே மாமி கையால் தைத்த கனமான சிவப்பு உறை, ஓரமெல்லாம் பூவேலை. எங்கள் வீட்டில் கல்யாணப் பட்டுக்குக்கூட இந்த மரியாதை கிடையாது.

சாவியைத் திருப்பியதும் ஒரு ஜப்பான்காரி கனிவாக ஏதோ சொன்னாள். காருக்குள் இருக்கும் பதிவுக் குரல். துஷ்யந்தியின் மகள் மிதுலா, மூன்றாம் வகுப்பு, பெரிய மனுஷி மாதிரி "ஓம், ஓம், சரி" என்று அவளுக்குப் பதில் சொன்னாள். தினமும் சொல்வாளாம்.

இரவுச் சாப்பாட்டின்போதுதான் இந்தக் காரின் முழுக் கதையும் எனக்குத் தெரிந்தது. இடியப்பம், சொதி, நெருப்பாய் ஒரு கணவாய்க் கறி. சொதியின் இளமஞ்சளைப் பார்த்து நம் ஊர் மோர்க்குழம்பு என்று நினைத்துக் குடித்துவிட்டேன். தேங்காய்ப் பாலும் எலுமிச்சையும் சேர்ந்த அந்த ருசிக்கு இன்னொரு கிண்ணம் கேட்டேன். மாமி என்னை உடனே குடும்பத்தில் சேர்த்துக்கொண்டார்.

துஷ்யந்திக்கு அதிபராகப் பதவி உயர்வு வந்திருந்தது. நம் ஊர்ப் பேச்சில் தலைமை ஆசிரியை. பள்ளிக்கூடம் மாவட்டத்தின் தெற்கு எல்லையில், அவள் பிறந்த வெருகல் பக்கம். திங்கட்கிழமை பொறுப்பேற்க வேண்டும். காலை பஸ்ஸைப் பிடித்தால் பள்ளி மணி அடித்த பிறகுதான் போய்ச் சேர முடியும். அதனால் அங்கேயே தங்க வேண்டும். சனி ஞாயிறு மட்டும் வீட்டுக்கு வரலாம். மிதுலாவுக்குத் திருகோணமலையில்தான் நல்ல பள்ளிக்கூடம் கிடைத்திருக்கிறது. அப்பா கட்டாரில் வேலை செய்கிறார். அம்மாவும் வாரம் முழுக்க இல்லையென்றால்?

"கார் இருந்தா விடியப் போய்ப் பின்னேரம் வந்திடுவன். அதுக்காகத்தான் இவ்வளவு பாடுபட்டு இதை வாங்கினது" என்றாள் துஷ்யந்தி.

"பிள்ளை வாய் திறந்து ஒண்டும் கேக்காது. ஆனா பொழுது பட்டா தாயைத் தேடும்" என்றார் மாமி.

வெள்ளிக்கிழமை மிதுலாவைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு ஊர் சுற்றக் கிளம்பினோம். துஷ்யந்தி ஓட்ட, நான் முன் சீட்டில். இந்த ஊரில் நான் கண்ட முதல் அதிசயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரு அம்மா கையில் பாண் ரொட்டியோடு கோடு போட்ட இடத்தில் சாலையில் இறங்கினார். பஸ் நின்றது. லாரி நின்றது. நாங்களும் நின்றோம். அவர் யாரையும் பார்க்காமல் தன் வீட்டுக் கூடத்தில் நடப்பது போல நடந்து கடந்தார். நான் உணர்ச்சிவசப்பட்டுக் கை தட்டிவிட்டேன். கோவையில் அந்தக் கோடுகளைச் சாலைக்குப் போட்ட கோலம் என்றுதான் நாங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

இரண்டாவது அதிசயம் கோட்டைப் பக்கம். சாலை நடுவில் ஒரு புள்ளிமான், வாயில் யாரோ கொடுத்த வாழைப்பழத் தோலோடு எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றது. அதன் பின்னால் ஒரு குடும்பமே வந்தது. "இப்ப ஹோர்ன் அடிக்கலாமோ, அடிக்கக் கூடாதோ?" என்று துஷ்யந்தி என்னைக் கேட்டாள். இத்தனை வருஷத்தில் இந்தக் கேள்வி எனக்கு வந்ததே இல்லை. மனதில் பட்டதைச் சொன்னேன்: அடித்தால் மிரண்டு எந்தப் பக்கம் பாயும் என்று தெரியாது, நின்று வழி விடு. பின்னால் நின்ற பஸ்காரரும் பொறுமையாக நின்றார். கோவையில் என்றால் அந்த மான் எங்களிடமே கெட்ட வார்த்தை கற்றுக்கொண்டிருக்கும்.

பெட்ரோல் பங்க்கை இங்கே செட் என்கிறார்கள். அங்கே என்னைச் சுற்றி ஒரு சிறு கூட்டமே கூடிவிட்டது. விலை கூடின பெட்ரோல் போட்டால் கார் பாய்ந்து ஓடுமா? கார் செய்தவர்கள் எது போதும் என்று சொன்னார்களோ அதுவே போதும், மிச்சம் மனத்திருப்திக்குத்தான். டேங்க்கை வாய் வரை நிரப்பலாமா? குழாய் தானாக நின்றதும் நீங்களும் நின்றுவிடுங்கள். டயருக்கு எப்போது காற்றுப் பார்ப்பது? ஓடிக் களைத்து வந்தபின் அல்ல, காலையில் டயர் ஆறியிருக்கும்போது. கிண்ணியாவிலிருந்து மீன் வேனோடு வந்த ஒரு பெரியவர், தாடியைத் தடவிக்கொண்டு கேட்டார்:

"உப்புக் காத்துல வேன் அடித்தட்டு எல்லாம் துருப் புடிக்கிது தங்கச்சி. நாங்க பழைய எஞ்சின் ஒயிலக் கீழ அடிச்சி உட்டிருக்கம். அது நல்லமா?"

"ரப்பர் சாமான் எல்லாம் ஊறிக் கெட்டுப்போகும் ஐயா. நல்ல தண்ணியில அடிப்பக்கத்தை அடிக்கடி கழுவினாலே பாதித் துரு போயிடும்" என்றேன்.

"அப்ப ஒயில் அடிக்கச் சொன்ன என்ட மருமகன நான் என்ன செய்யிற?" என்றார் அவர். கூட்டம் சிரித்தது.

துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டு போகும் சாலையில் வண்டி ஏறியது. வலப்பக்கம் தண்ணீர் தூங்கிக்கொண்டிருந்தது. அலையே இல்லாமல், கப்பல்கள் எல்லாம் ஒரு தட்டில் எடுத்து வைத்தது போல நின்றன. கடல் என்றால் மெரினா இரைச்சல் என்று பழகிய எனக்கு இதைப் பார்த்ததும் குரல் தானாகத் தணிந்துவிட்டது. மத்தியான வெயில் கொளுத்தியது. ஏசியை இன்னும் கொஞ்சம் கூட்டச் சொன்னேன்.

அப்போதுதான் அது எரிந்தது. மீட்டருக்கு நடுவே ஒரு சிவப்பு முக்கோணம், உள்ளே ஆச்சரியக்குறி. கார் ஏற்றத்தில் திணறியது.

துஷ்யந்தி வண்டியை ஓரம் கட்டினாள். "இது மூண்டாம் தடவை" என்றாள். "உன்னட்டச் சொல்லப் பயந்துகொண்டு இருந்தனான். மத்தியானத்தில வரும். பிறகு ஆறினா போயிடும்."

என் பக்கத்துக்கு வரும் கடிதங்கள் எல்லாம் கோவை, திருப்பூர் பக்கத்துப் பெட்ரோல் டீசல் வண்டிகளைப் பற்றித்தான். ஹைப்ரிட்டின் வயிற்றுக்குள் நான் கை விட்டதே இல்லை. காரோடு வந்த கையேட்டை எடுத்துப் பிரித்தேன். முழுக்க ஜப்பான் எழுத்து. படங்களைப் பார்த்து ஒன்றும் விளங்கவில்லை. மெதுவாக ஒரு கராஜுக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்தவர் மரியாதையான மனிதர். கருவியை மாட்டிப் பார்த்தார்.

"பெரிய பற்றரி கனக்கச் சூடாகுது டீச்சர். பழசாப் போனா இப்பிடித்தான். இண்டைக்கோ நாளைக்கோ எண்டு சொல்ல ஏலாது. புதுசு போடுறதெண்டா…" என்று இழுத்தார். அந்த இழுவையிலேயே அது அவளால் முடியாத செலவு என்று எனக்கு விளங்கியது.

மாலையில் வெருகலிலிருந்து துஷ்யந்தியின் அண்ணன் சிவநேசன் போனில் வந்தார். ஸ்பீக்கரில் போட்டாள். "தங்கச்சி, கதையை வளக்காத. லைற் எரியிறதை மறைக்காமச் சொல்லி, ஓடுற நிலையில இருக்கிறப்பவே வித்துப்போடு. மூதூர் ஹாஜியார் நாளைக்கு நெல்லுப் பாக்க என்ட வீட்டை வாறார். அவருக்கு உந்த மாதிரிக் கார் ஒண்டு வேணுமாம், பற்றரியை அவர் மாத்திக்கொள்ளுவார். காரைக் கொண்டு வா. கிழமை நாளில நீ எங்களோட தங்கலாம்தானே?"

"ஓம் அண்ணா" என்றாள் துஷ்யந்தி.

மிதுலா மேசையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. ஆனால் பென்சில் நின்றுவிட்டது. எனக்கு அந்த அண்ணன் மேல் கோபம் வந்தது. அதைவிட என் மேல் வந்தது. ஊர் முழுக்கப் பதில் சொல்லிவிட்டு, கூப்பிட்ட வீட்டுக்கு மட்டும் பதில் இல்லாமல் உட்கார்ந்திருந்தேன்.

சனிக்கிழமை காலை மிதுலாவைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பினோம். மாமியும் வருவேன் என்றார். தான் தைத்த உறையைப் போட்டபடியே காரைக் கொடுக்க வேண்டும், வாங்குகிறவர் மதிப்பாக நினைப்பார் என்பது அவர் எண்ணம். பின்னால் உட்கார்ந்தால் அவருக்குத் தலை சுற்றும் என்பதால் முன் சீட்டு அவருக்கு. நான் முதல்முறையாகப் பின் சீட்டுக்குப் போனேன், துஷ்யந்திக்கு நேர் பின்னால்.

விற்கப் போகிற பயணம் என்று சொல்லிக்கொண்டாலும் கிண்ணியாப் பாலத்தில் ஏறியதும் என் மனம் துள்ளத்தான் செய்தது. அவ்வளவு நீளப் பாலம், இரு பக்கமும் பளபளவென்று தண்ணீர், இடுப்பளவு நீரில் வலை வீசுகிற மனிதர்கள். மூதூரில் நிறுத்தி எருமைத் தயிரும் பாணியும் சாப்பிட்டோம். மண்சட்டியைக் கவிழ்த்தாலும் விழாத தயிர். மேலே கித்துள் பாணி, அதாவது அவர்கள் ஊர்க் கருப்பட்டிப் பாகு. இரண்டு சட்டி நான் மட்டும். கடைக்காரர் நான் யார் என்று விசாரித்தார். பிறகு என்ன, மழையில் வைப்பர் ஏன் கீச்சிடுகிறது என்று கேட்டார்.

மூதூர் தாண்டி வெயில் ஏற ஏற எனக்கு ஒரு சத்தம் கேட்கத் தொடங்கியது. என் தொடைக்குப் பக்கத்தில், சீட்டின் ஓரத்துக்குள் ஒரு இரைச்சல். முதலில் மிக்சி தூரத்தில் ஓடுவது போல இருந்தது. கொஞ்ச நேரத்தில் பக்கத்து அறைக்கு வந்துவிட்டது.

"துஷி, இது என்ன சத்தம்?"

"ஏசியாக்கும். வாங்கி உறை போட்ட நாளில இருந்து பின்னால இப்பிடித்தான் கேக்குது எண்டு மிதுலாவும் சொன்னவள்."

ஏசி முன்னால் இருக்கிறது. சத்தம் என் அருகில் இருக்கிறது. நான் குனிந்து காதை வைத்தேன். அதே நேரம் துஷ்யந்தி "வந்திட்டுது" என்றாள். சிவப்பு முக்கோணம்.

வெருகல் ஆற்றுப் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு மருத மரத்தடியில் நிறுத்தினோம். இன்ஜினை நிறுத்தாதே என்று சொல்லிவிட்டு நான் கீழே இறங்கி, முழங்காலில் உட்கார்ந்து, மாமியின் உறையை ஓரத்தில் உருவினேன். நன்றாக இறுக்கிச் செருகியிருந்தார். அதன் கீழே பாலிதீன். அந்தப் பாலிதீன் ஓரிடத்தில் உள்ளே குழிந்து, விறைப்பாக ஒட்டிக்கொண்டிருந்தது. பிடித்து இழுத்தேன். வரவில்லை. பலமாக இழுத்தேன். 'பப்' என்று விட்டது. கீழே கையளவு ஒரு பிளாஸ்டிக் ஜன்னல், கம்பி கம்பியாக. அதன் முன் என் கையை வைத்தேன். காற்று உள்ளே இழுத்தது.

"துஷி! இது மூக்கு! காரோட மூக்கு!" என்று நான் கத்திய கத்தலில் மரத்தில் இருந்த கொக்குகள் பறந்தன.

நேற்றுக் கராஜ்காரர் சொன்ன பெரிய பேட்டரி இந்தப் பின் சீட்டுக்குக் கீழேதான் இருக்க வேண்டும். அதைக் குளிர வைக்க ஒரு விசிறி, நாம் உட்கார்ந்திருக்கும் இடத்தின் குளிர்ந்த காற்றை இந்த ஜன்னல் வழியாக இழுக்க வேண்டும். பாலிதீனும் உறையும் சேர்ந்து அதை அடைத்துவிட்டன. உறையின் சிவப்புப் பஞ்சு உதிர்ந்து, கம்பிகளுக்குப் பின்னால் மெத்தை போலப் படிந்திருந்தது. விசிறி மூச்சுக்கு அலறியிருக்கிறது. காருக்குள் ஒரு மண் துகள் விழாமல் காப்பாற்றிய வீட்டில், காற்றும் போகாமல் காப்பாற்றிவிட்டார்கள்.

மாமி இறங்கி வந்து பார்த்தார்.

"அப்ப நான்தானோ பிள்ளை இதின்ட மூச்சை அடைச்சது?"

"மாமி, அப்பிடிக் கதைக்காதேங்கோ. பொலித்தீனைக் கழட்டாம விட்டது நான்" என்றாள் துஷ்யந்தி.

மாமி தன் கொண்டை ஊசியை உருவினார். சேலையைச் சொருகிக்கொண்டு காருக்குள் தலையை நுழைத்து, கம்பிக்குக் கம்பி, பஞ்சைக் கிண்டி எடுக்கத் தொடங்கினார். இன்ஜினை நிறுத்தினோம். நான் ஜன்னலின் மூடியைக் கழற்றிக் கொடுக்க, அதை ஆற்றில் கழுவி வெயிலில் காய வைத்தோம். பாலிதீனை நானே கிழித்து உருட்டினேன். அவ்வளவு சுகமான வேலையை நான் சமீபத்தில் செய்ததில்லை. கட்டிக்கொண்டு வந்த சோற்றை மரத்தடியில் பிரித்துச் சாப்பிட்டோம். கருவாட்டுக் கறி. பயத்தில் இரண்டு மடங்கு பசித்தது.

மறுபடி ஸ்டார்ட் செய்தபோது முக்கோணம் இல்லை. ஆனால் யாரும் சிரிக்கவில்லை. ஆறினால் அது எப்போதும் போய்விடுகிறதே. பேட்டரி உண்மையிலேயே பழசாகியிருந்தால் எங்கள் கொண்டை ஊசி என்ன செய்யும்?

அண்ணன் வீட்டு முற்றத்தில் ஹாஜியார் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். வெள்ளைத் தொப்பி, வெள்ளைச் சட்டை, சந்தோஷமான முகம். துஷ்யந்தி இறங்கிய வேகத்திலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அண்ணன் நம்பவில்லை. "சீட் கவரால கார் பழுதாகுமோ? உதெல்லாம் கதை" என்றார்.

"அப்ப ஓடிப் பாப்பம். இப்பதான் நல்ல வெயில். எல்லாரும் ஏறுங்கோ. வாகரை வரைக்கும் போய்த் திரும்புவம். லைற் எரிஞ்சா அந்த இடத்திலயே திறப்பை ஹாஜியாரிட்டக் குடுக்கிறன்" என்றாள் துஷ்யந்தி. திறப்பு என்றால் சாவி.

ஹாஜியார் முன் சீட்டில். பின்னால் அண்ணன், நான், காரின் மூக்கு ஓரம் மாமி. தலை சுற்றினாலும் பரவாயில்லை, அந்த இடத்தில் தான்தான் இருப்பேன் என்று பிடிவாதம் பிடித்தார். சேலைத் தலைப்பு தவறிக்கூட அந்த ஜன்னலில் படக் கூடாதென்று மடியில் சுருட்டி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அண்ணன் வேண்டுமென்றே ஏசியை முழுதாக வைக்கச் சொன்னார்.

கிரிக்கெட்டில் கடைசி ஓவரைப் பார்த்திருக்கிறீர்களா? அந்தக் காருக்குள் அப்படித்தான் இருந்தது. ஒருவரும் சாலையைப் பார்க்கவில்லை, ஓட்டுகிறவளைத் தவிர. எல்லார் கண்ணும் மீட்டரில். ஹாஜியார் வர்ணனை வேறு கொடுத்தார்: "இல்ல… இன்னும் இல்ல… ஒண்டும் இல்ல டீச்சர், நீங்க ரோட்டப் பாருங்க." வயல்கள் போயின, பனைகள் போயின, வெள்ளை மணல் வந்தது. வாகரையில் வண்டியைத் திருப்பினாள். நேற்று எரிந்த நேரமும் கடந்தது. விசிறிச் சத்தத்துக்காக நான் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். மாமியின் மெல்லிய பிரார்த்தனை மட்டும்தான் கேட்டது.

அண்ணன் வீட்டுக்குத் திரும்பி வந்து நிற்கும் வரை அந்த முக்கோணம் எரியவே இல்லை. நான் அண்ணனைக் கட்டிப்பிடிக்கப் போய், கடைசி நொடியில் மாமியைக் கட்டிப்பிடித்தேன்.

ஹாஜியார் இறங்கிக் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "டீச்சர், இப்ப இது நல்ல கார் ஆயிட்டு. நான் நேத்து உங்கட அண்ணனுக்குச் சொன்ன வெலய உடக் கூட்டித் தாறன்" என்றார்.

அண்ணன் முகத்தில் ஆசை தெரிந்தது. "தங்கச்சி, நல்லா யோசி" என்றார்.

"யோசிக்கிறதுக்கு ஒண்டும் இல்ல அண்ணா. குறை நினைக்காதேங்கோ ஹாஜியார், இது விக்கிறதுக்கு இல்ல. திங்கக்கிழமை நான் இதிலதான் பள்ளிக்கூடம் வருவன். இதிலதான் வீட்டை போவன்."

ஹாஜியார் ஒரு கணம் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். "சரிதான் மகள். எங்கட ஊரத் தாண்டித்தானே போவீங்க. லைற் எரிஞ்சா மூதூர்ல நிப்பாட்டுங்க, நான் வாங்கிக்கிறன்" என்று கை கூப்பினார். அண்ணன் உள்ளே போனார். வரும்போது ஒரு மூட்டை நெல்லரிசியைத் தூக்கி வந்து டிக்கியில் வைத்தார். அவர் பாஷையில் அதுதான் சம்மதம் என்று மாமி பிறகு எனக்கு விளக்கினார். வரும் வழியில் வெருகல் முருகனுக்கு ஒரு தேங்காயும் உடைத்தோம்.

திங்கட்கிழமை இருள் பிரியும்போதே துஷ்யந்தி கிளம்பினாள். புதுச் சேலை. பின் சீட்டு வெறுமையாக, மூக்கு நன்றாகத் திறந்து இருந்தது. அன்று பகல் முழுக்க நானும் மாமியும் ஒரு வேலையும் உருப்படியாகச் செய்யவில்லை. மத்தியானம் வெயில் ஏறியபோது மாமி சமையலறையில் இருந்தபடி "இப்ப எரிஞ்சிருக்குமோ?" என்றார். "இருக்காது மாமி" என்றேன். கொஞ்ச நேரம் கழித்து நான் கேட்டேன், அவர் இருக்காது என்றார். பள்ளி விட்டதும் போன் வந்தது: "வெளிக்கிட்டன்." அதன் பிறகு சத்தமே இல்லை. ஓட்டும்போது போன் எடுக்கக் கூடாது என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான். அந்த மாலை முழுக்க அதற்காக என்னையே திட்டிக்கொண்டேன்.

வெயில் சாய்ந்து, தெருவில் பிள்ளைகள் விளையாட்டை முடித்து வீட்டுக்குப் போகத் தொடங்கிய வேளையில் அந்த வெள்ளைக் கார் முனையில் திரும்பியது. மாமி வாசல் படலைக்கு ஓடினார். நான் அவருக்கு முன்னால் ஓடினேன். துஷ்யந்தி இறங்கும் முன்பே ஜன்னலுக்குள் தலையை விட்டுக் கேட்டேன். "எரியேல்லையடி! ஒருக்காலும் எரியேல்ல!" என்று அவள் கத்தினாள். மூன்று பேரும் தெரு நடுவில் நின்று பைத்தியங்கள் போலச் சிரித்தோம்.

பிறகு அவள் வேகமாக உள்ளே போனாள். பிள்ளை ஓடிவந்து கட்டிக்கொள்ளும் என்று நினைத்தாளோ என்னவோ, கையிலிருந்த பையைக் கதிரையில் போட்டுவிட்டு நின்றாள்.

மிதுலா தரையில் படுத்தபடி ஒரு படத்துக்கு நிறம் தீட்டிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவே இல்லை.

"வந்திட்டியாம்மா? நாளைக்கு எனக்கு விளையாட்டுப் பாடம் இருக்கு. சப்பாத்துக்கு வெள்ளை பூச வேணும்."

துஷ்யந்தி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். கண் நிறைந்து வழிந்தது. துடைக்கக்கூட இல்லை.

"ஓம்" என்றாள். "எடுத்துக்கொண்டு வா, பூசித் தாறன்."